பழைய பிரிட்டன் நகைச்சுவைத் தொடர் ஓட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

'ஃபால்ட்டி டவர்ஸ்', 'யெஸ் மினிஸ்டர்', 'டேட்ஸ் ஆர்மி', 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' போன்ற தொடர்களை பிரிட்டனுக்கு வெளியே இருந்துகொண்டு பார்க்க நினைத்தால் ஏதாவது ஒரு தடை வந்து நிற்கும். ஆப் திறக்காது. திறந்தால் தேடிய தொடர் இருக்காது. டிவிடி வாங்கினால் பிளேயர் வெளியே தள்ளும். எல்லாம் சரியாக அமைந்தால் நடுவில் இரண்டு எபிசோட் காணாமல் போயிருக்கும்.

இவற்றுக்குக் காரணங்கள் நான்குதான். உங்கள் நாட்டுக்கான ஒளிபரப்பு உரிமை வேறொருவர் கையில் இருக்கலாம். கருவிக்கு மண்டலப் பூட்டு இருக்கலாம். கையில் கிடைத்தது வெட்டப்பட்ட பிரதியாக இருக்கலாம். அல்லது அந்த எபிசோடின் நாடாவே உலகத்தில் இல்லாமல் போயிருக்கலாம். எந்தக் காரணம் என்று தெரிந்துகொண்டு அப்புறம் பர்ஸைத் திறப்பது நல்லது. மண்டலப் பூட்டுக்குப் புது இணையச் சந்தா உதவாது. அழிந்த நாடாவுக்கு எதுவுமே உதவாது. கீழே உங்கள் திரையில் தெரியும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள்.

"இந்த நிகழ்ச்சி உங்கள் இருப்பிடத்தில் கிடைக்காது" என்று வருகிறது

இது பி.பி.சி. ஐபிளேயரில் வந்தால் உங்கள் போனையோ டிவியையோ இணைய இணைப்பையோ சந்தேகப்பட வேண்டாம். 2007 டிசம்பரில் தொடங்கிய ஐபிளேயர், பி.பி.சி. நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் சேவை, பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கானது. 2011 முதல் 2015 வரை வெளிநாட்டினருக்கென்று கட்டணத்துடன் தனி ஐபிளேயர் ஆப் ஒன்று இருந்தது, அதை மூடிவிட்டார்கள். பழைய குறிப்புகளில் அதன் பெயரைப் பார்த்துவிட்டு இன்று தேடினால் கிடைக்காது.

தடைக்குக் காரணம் உரிமை. எழுத்தாளர், நடிகர், நடுவில் ஒலிக்கும் பாட்டுக்கு உரியவர் என்று ஒவ்வொருவரோடும் எங்கே காட்டலாம், அதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. பிரிட்டனுக்கு வெளியே விற்கும் வேலையை பி.பி.சி. ஸ்டூடியோஸ் என்ற வணிகப் பிரிவு பார்க்கிறது. ஒரு நாட்டில் யாரோ பணம் கொடுத்து வாங்கிய தொடரை அதே நாட்டில் ஐபிளேயர் இலவசமாகத் திறந்துவிட முடியாது.

விபிஎன் (வேறு நாட்டு இணைய முகவரியைக் காட்டி இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள்) போட்டால் ஓடுமே என்று யாராவது சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஐபிளேயரின் விதிகளுக்கு அது எதிரானது. பி.பி.சி. அந்த முகவரிகளைத் தேடித் தேடி அடைப்பதால் இன்று ஓடியது நாளை நின்றுவிடும். போதாததற்கு, 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் பி.பி.சி. நிகழ்ச்சிகளைப் பார்க்க டிவி உரிமம் வேண்டும், அந்த உரிமம் பிரிட்டனில் உள்ள ஒரு முகவரிக்குத்தான் தரப்படும். எழுதியவருக்கும் நடித்தவருக்கும் சேர வேண்டியது சேரும் வழியில் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. பல நாடுகளில் அப்படி ஒரு வழி இருக்கவும் செய்கிறது.

அந்த வழிகளில் முக்கியமானது பிரிட்பாக்ஸ். பி.பி.சி.யும் பிரிட்டனின் விளம்பரத் தொலைக்காட்சியான ஐ.டி.வி.யும் சேர்ந்து 2017இல் அமெரிக்காவில் இந்தக் கட்டண ஸ்ட்ரீமிங் சேவையைத் தொடங்கினார்கள். 2018இல் கனடாவுக்கும் 2020இல் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. பிறகு தென்னாப்பிரிக்கா, நார்டிக் நாடுகள். 2024இல் ஐ.டி.வி.யின் பங்கை பி.பி.சி. ஸ்டூடியோஸ் வாங்கிவிட்டது. ஒரே சந்தாவில் இரண்டு பெரிய நிறுவனங்களின் பழைய நகைச்சுவைகளும் கிடைப்பதால் டொராண்டோவிலோ சிட்னியிலோ இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனுக்குள்ளேயே பிரிட்பாக்ஸ் ஆப் இப்போது தனியாக இல்லை, ஐ.டி.வி.எக்ஸ் சேவையோடு கலந்துவிட்டது. லண்டனில் இருக்கும் உறவினரிடம் "உங்க ஊர் பிரிட்பாக்ஸ்ல பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுப் பயனில்லை.

ஒரு தொடர் உங்கள் நாட்டில் எந்தச் சேவையில் இருக்கிறது என்று பார்க்க ஜஸ்ட்வாட்ச் தளம் கைகொடுக்கும். பக்கத்தில் நாட்டை மாற்றும் இடம் உண்டு. அதை முதலில் சரியாக வைத்துவிட்டுத் தேடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சி அமைப்பின் உறுப்பு நிலையங்கள் பல பத்தாண்டுகளாக வார இறுதி இரவுகளில் பிரிட்டன் நகைச்சுவைகளைப் போட்டு வருகின்றன. எந்தத் தொடர், எந்த நேரம் என்பதை அந்தந்த ஊர் நிலையமே முடிவு செய்யும் என்பதால் உங்கள் ஊர் நிலையத்தின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?', 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' இரண்டும் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது இந்த நிலையங்கள் வழியாகத்தான். பின்னது வெளிநாட்டு ஒளிபரப்பாளர்களுக்கு ஏறத்தாழ 1,000 தடவை விற்கப்பட்டிருக்கிறது என்று 2016இல் பி.பி.சி.யின் வணிகப் பிரிவு சொன்னது. அதன் நாயகி ஹையசிந்தை இத்தனை நாடுகளில் மக்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால் அந்தத் தொடரை எழுதியவர் மனிதர்களை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்!

பிரிட்டனில் வசிப்பவர் விடுமுறைக்குச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்புகிறார் என்றால் அவருக்கு மட்டும் ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் வீட்டிலேயே ஐபிளேயர் ஆப்பில் எபிசோட்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். இறங்கியவை வெளிநாட்டிலும் ஓடும். ஒவ்வொன்றுக்கும் காலாவதி உண்டு. எத்தனை நாள் மிச்சம் என்று ஆப்பே காட்டும்.

ஆப் கிடைக்கிறது, கார்டு ஏற்க மறுக்கிறது

கார்டு வழங்கிய நாடும் ஆப் ஸ்டோர் கணக்கின் நாடும் ஒன்றாக இல்லை. புதிதாகக் குடிபெயர்ந்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஆப் ஸ்டோர் கணக்கை இப்போது இருக்கும் நாட்டுக்கு மாற்றி, அந்த நாட்டு வங்கிக் கார்டைப் போடுங்கள். மாற்றும் முன் பழைய கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாட்டை மாற்ற விடாது.

தேடினால் வரவில்லை, அல்லது வேறெதுவோ வருகிறது

பெயரைச் சோதியுங்கள். 1975இல் தொடங்கிய 'தி குட் லைஃப்' அமெரிக்காவில் 'குட் நெய்பர்ஸ்' என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. இன்றும் அங்குள்ள டிவிடிகளை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். 'யெஸ் மினிஸ்டர்' தொடரின் பின்பகுதி 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' என்று தனித் தொடராகப் பட்டியலில் இருக்கும். அமைச்சர் பிரதமர் ஆவதற்கு முன்னால் கதை நின்றுவிட்டதே என்று தவிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து 38 எபிசோட்.

ஆண்டையும் சோதியுங்கள். 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' 2013இல் வேறு நடிகர்களோடு மறுபடி எடுக்கப்பட்டது. பால் எடிங்டனும் நைஜல் ஹாதோர்னும் இருப்பது 1986 முதல் 1988 வரை வந்தது. 'டேட்ஸ் ஆர்மி' என்று தேடினால் 2016 திரைப்படம் முன்னால் வந்து நிற்கும். இந்தியாவில் தேடுபவர்களுக்கு இந்தி மறுஆக்கங்களும் குறுக்கே வரலாம்: 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரைத் தழுவிய 'ஜபான் சம்பால்கே', 'யெஸ் மினிஸ்டர்' தொடரைத் தழுவி ஃபாரூக் ஷேக் நடித்த 'ஜி மந்திரிஜி'. இரண்டாவதை மூலத்தைப் பார்த்து முடித்தபிறகு பாருங்கள், டெல்லி அதிகாரிகளுக்கு அந்த வசனங்கள் எப்படிப் பொருந்துகின்றன என்பது தனிச் சுவை.

டிவிடி உள்ளே போகிறது, படம் வரவில்லை

ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காத நாட்டில் இருப்பவர்களுக்கு பிரிட்டன் டிவிடிதான் நம்பகமான வழி. வாங்கினால் உங்களுடையது. எந்த ஒப்பந்தம் முடிந்தாலும் அலமாரியிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் அதை ஓடவைக்க இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். பலர் ஒன்றைத் திறந்துவிட்டு, ஏன் இன்னும் ஓடவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

முதல் பூட்டு மண்டல எண். டிவிடி உறையின் பின்பக்கம் பூமி உருண்டை போல ஒரு சின்னம், அதற்குள் ஒரு எண் இருக்கும். பிரிட்டன் 2. அமெரிக்காவும் கனடாவும் 1. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியா, இலங்கை 5. பிளேயரின் எண்ணும் டிவிடியின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் "தவறான மண்டலம்" என்ற செய்தி வரும், அல்லது ஒன்றும் சொல்லாமல் வெளியே தள்ளும். 2, 4 இரண்டும் அச்சிட்ட பிரிட்டன் டிவிடிகளும் உண்டு. அவை ஆஸ்திரேலியாவில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். சாதாரண விலையில் விற்கும் பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் எல்லா மண்டலத்தையும் ஏற்கும்படி மாறிவிடும். அந்த எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடல் பெயரோடு தேடினால் கிடைக்கும். மாறாத பிளேயர் என்றால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் ஒரே வழி. பெரிய பெட்டித் தொகுப்பு ஒன்றின் விலையை விட அது அதிகமாக இருக்காது.

இரண்டாவது பூட்டு பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற ஒளிபரப்பு முறை. பிரிட்டன் பால் முறை: 625 வரி, நொடிக்கு 25 சட்டகம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லாமே பால் முறையில் இருந்தவை என்பதால் அங்கே இந்தப் பூட்டைப் பற்றிக் கவலை இல்லை. அமெரிக்காவும் கனடாவும் என்.டி.எஸ்.சி.: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம். அங்கே மண்டலத்தைத் திறந்த பிறகும் படம் உருண்டுகொண்டே இருந்தால், நிறமில்லாமல் வந்தால், ஒலி மட்டும் கேட்டால், இந்தப் பூட்டுதான். பிளேயரின் செட்டப் மெனுவில் 'டிவி டைப்' அல்லது 'டிவி சிஸ்டம்' என்று இருக்கும். அதை என்.டி.எஸ்.சி. என்று வையுங்கள், பிளேயரே மாற்றிக்கொடுக்கும். 'மல்டி' அல்லது 'ஆட்டோ' என்று வைத்தால் பால் படம் அப்படியே டிவிக்குப் போய்விடும், பல அமெரிக்க டிவிகள் அதை ஏற்காது. அந்த மெனுவே இல்லாத பிளேயர் என்றால் அதற்கு மாற்றும் திறன் இல்லை. வட அமெரிக்காவில் பிளேயர் வாங்கும்போது "எல்லா மண்டலமும்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, "பால் என்.டி.எஸ்.சி. மாற்றம்" என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிரிட்டன் டிவிடியை உள்ளே வைத்ததும் "டிரைவின் மண்டலத்தை மாற்றவா?" என்று விண்டோஸ் கேட்கும். யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ் உள்ளே 'டிவிடி ரீஜன்' என்ற தாளைப் பாருங்கள். இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்ற எண் அங்கே இருக்கும். மொத்தம் ஐந்து தடவைதான். இங்கொரு தமிழ்ப்பட டிவிடி, அங்கொரு பிரிட்டன் டிவிடி என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஐந்தும் ஒரே வாரத்தில் தீர்ந்து, கடைசியாக இருந்த மண்டலத்திலேயே டிரைவ் உறைந்துவிடும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் திரும்பாது, கணக்கு டிரைவுக்குள் இருக்கிறது. விலை குறைந்த யூ.எஸ்.பி. டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி மண்டலம் 2 என்று நிரந்தரமாக வைத்து, பிரிட்டன் டிவிடிக்கென்றே ஒதுக்கிவிடுவதுதான் என் பரிந்துரை.

புளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: பிரிட்டன் பி, அமெரிக்காவும் தென்கிழக்கு ஆசியாவும் ஏ, இந்தியா சி. இந்தத் தொடர்களின் ஸ்டூடியோக் காட்சிகள் ஒளிநாடாவில் எடுக்கப்பட்டவை, 625 வரியில் படமாகத் தெரிவது 576 வரிதான். புளூரே அதில் இல்லாத கூர்மையைச் சேர்க்க முடியாது. டிவிடி இருந்தால் அதற்காகத் தவிக்க வேண்டாம்.

டிவிடி எந்தப் பிளேயரிலும் ஓடாமல் திக்கினால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சிட்டது வெள்ளி நிறமாக இருக்கும். ஊதா நிறம் அடித்தால் வீட்டில் பதிவு செய்த பிரதி. உறையில் பிரிட்டன் தணிக்கை அமைப்பான பி.பி.எஃப்.சி.யின் வயதுக் குறி இல்லாமல், நான்கு சீசனை இரண்டே டிவிடியில் அடைத்திருந்தால் சந்தேகமே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படம் வருகிறது, ஆனால் சரியாக இல்லை

அசைவு வரும்போதெல்லாம் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடு தெரிகிறதா? 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரின் 1989 எபிசோடில் டெல் பாய் மதுக்கடை மேடையில் சாய்ந்து நிற்பார். மேடையின் பலகையைக் கடைக்காரர் தூக்கிவிட்டுப் போயிருப்பார். திரும்பிப் பார்த்துவிட்டு ஒய்யாரமாகச் சாயும் டெல் அப்படியே பக்கவாட்டில் விழுவார். கையை ஊன்றாமல், உடம்பை மடக்காமல், மரம் சாய்வது போல டேவிட் ஜேசன் விழும் அந்த ஒரு நொடியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விழும் உருவம் கோடுகோடாகக் கிழிந்தால், பின்னல் வரிப் படத்தை (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படத்தை) உங்கள் மென்பொருள் பிரிக்காமல் காட்டுகிறது. வி.எல்.சி.யில் 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். அதன் கீழே 'டீஇன்டர்லேஸ் மோட்' என்று இருப்பதில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த 2எக்ஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் கோடு போகும், ஆனால் நொடிக்கு 50 அசைவுகளில் பாதி போய்விடும். விழுகிற வேகம்தான் அந்த நகைச்சுவையே, அது குறைந்தால் சிரிப்பு குறையும்.

கோடு இல்லை, ஆனால் பேய் உருவம்போல இரட்டையாகத் தெரிகிறது என்றால், அது பாலிலிருந்து என்.டி.எஸ்.சி.க்கு மாற்றியபோது படத்தோடு கலந்துவிட்டது. அமெரிக்கப் பதிப்பு டிவிடிகளில் பார்க்கலாம். வீட்டில் சரிசெய்ய முடியாது. பிரிட்டன் பதிப்பு வாங்குவதுதான் மாற்று.

ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை டிவி அகலத்துக்கு இழுக்கிறது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். தலையும் காலும் வெட்டுப்பட்டு, பட்டை இல்லாமல் திரை நிறைந்திருந்தால் வெளியிட்டவர்களே வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, பலர் கோளாறு என்று நினைப்பது. அறைக்குள் நடக்கும் காட்சி பளிச்சென்று, நேரலை மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே வந்ததும் படம் மங்கி, புள்ளி புள்ளியாக, சினிமா மாதிரி ஆகிவிடுகிறது. டிவி செட்டிங்கைத் தொட வேண்டாம். அந்தக் காலத்தில் பி.பி.சி.யில் உள்காட்சிகளைப் பார்வையாளர் முன்னால் ஸ்டூடியோவில் ஒளிநாடாவில் எடுத்தார்கள். வெளிக்காட்சிகளை முன்கூட்டியே 16 எம்.எம். படச்சுருளில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் வண்டி நின்றுபோனதும் ஹோட்டல் முதலாளி பேசில் அதைத் திட்டி, எச்சரித்து, எண்ணி, கடைசியில் மரக்கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அடிக்கும் காட்சி படச்சுருள். அதற்கு முன்னும் பின்னும் வரும் ஹோட்டல் காட்சிகள் ஒளிநாடா. டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஆனில் இருந்தால் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், அது படச்சுருள் காட்சிகளைக் கெடுக்கும்.

எபிசோட் சின்னதாக இருக்கிறது, பாட்டு மாறியிருக்கிறது

கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பி.பி.சி.யில் விளம்பரம் கிடையாது என்பதால் அரைமணி நேரத் தொடர் 28 முதல் 30 நிமிடம் இருக்கும். 22 நிமிடத்தில் முடிந்தால் விளம்பரத்துக்கு இடம்விட்டு வெட்டிய பிரதி. ஐ.டி.வி. தொடர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்', 'ரைசிங் டேம்ப்' எல்லாம் விளம்பரத்தோடு வந்தவை, 25 நிமிடம் இருந்தால் முழு எபிசோட்தான். நடுவில் "முதல் பகுதி முடிந்தது" என்று எழுத்து வந்து இருள்வதும் மூலத்தில் இருந்ததுதான். 'ஒன்லி ஃபூல்ஸ்' 1989 முதல் 50 நிமிடத் தொடராக மாறியது. அந்த ஆண்டு எபிசோட் அரைமணியில் முடிந்தால் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது.

பாட்டு விஷயம் வேறு. பிரிட்டன் ஒளிபரப்பாளர்களுக்கு இசை உரிமை அமைப்புகளோடு மொத்த ஒப்பந்தம் உண்டு. அதனால் மதுக்கடைக் காட்சியின் பின்னணியில் அந்த வாரத்துப் பிரபல பாட்டைத் தயங்காமல் ஒலிக்கவிட்டார்கள். டிவிடியாக விற்கவும் வெளிநாட்டுக்குக் கொடுக்கவும் அந்த ஒப்பந்தம் போதாது, ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அனுமதி வேண்டும். விலை கட்டுப்படியாகாதபோது பாட்டை மாற்றினார்கள், சில இடங்களில் காட்சியையே வெட்டினார்கள். 'ஒன்லி ஃபூல்ஸ்' டிவிடிகளில் இது நிறைய. முழுத் தொகுப்பு என்று உறையில் போட்டிருந்தாலும் இந்த மாற்றங்கள் உள்ளே இருக்கலாம் என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

வசனம் வெட்டுப்பட்டிருந்தால் காரணம் காலம். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடில் வயதான மேஜர் பேசும் இனவெறிச் சொற்களை 2013 மறுஒளிபரப்பில் பி.பி.சி. நீக்கியது. 2020 ஜூனில் பி.பி.சி. ஸ்டூடியோஸின் சேனல் நிறுவனமான யு.கே.டி.வி. தன் ஸ்ட்ரீமிங்கிலிருந்து அந்த எபிசோடையே எடுத்துவிட்டு, சில நாளில் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்பப் போட்டது. எடுப்பதை விட எச்சரிக்கையோடு முழுதாகக் காட்டுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். மேஜரின் மூடத்தனத்தைக் காட்டத்தான் அந்த வசனம் எழுதப்பட்டது. புண்படுபவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலகலாம்.

ஆங்கிலம் புரிகிறது, இவர்கள் பேசுவது புரியவில்லை

கிளாஸ்கோவில் நடக்கும் 'ராப் சி. நெஸ்பிட்' தொடரைப் பார்க்க இங்கிலாந்துக்காரர்களே திணறியிருக்கிறார்கள். எழுத்துத் துணை போட்டுக்கொள்ளுங்கள். பி.பி.சி. வெளியிட்ட டிவிடிகளில் காது கேளாதோருக்கான ஆங்கில எழுத்து பெரும்பாலும் இருக்கும். 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் உயரதிகாரி சர் ஹம்ஃப்ரி ஒரே மூச்சில் பேசும் நீண்ட வாக்கியங்களை எழுத்தோடு பார்த்தால்தான் முழு ருசி தெரியும். ஐ.டி.வி. தொடர்களை ஏராளமாக வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனத்தின் பல டிவிடிகளில் எழுத்துத் துணை கிடையாது. அந்த நிறுவனம் 2023இல் மூடப்பட்டது, அதன் டிவிடிகள் இனி பழைய சரக்காகத்தான் கிடைக்கும். வேண்டிய தொடர் ஏதாவது கண்ணில் பட்டால் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

யூடியூபில் இருக்கிறது, ஆனால் எல்லாம் தலைகீழ்

கடைப்பலகையின் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கிறது, குரல் கீச்சென்று கேட்கிறது, படம் ஒரு சட்டத்துக்குள் சிறுத்து ஓடுகிறது. உரிமைச் சோதனையை ஏய்க்க அப்படி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். எந்த நேரமும் மறையும். 'மிஸ்டர் பீன்' தொடருக்கு அதிகாரபூர்வ சேனல் இருக்கிறது, அதையே பாருங்கள். பி.பி.சி.யின் 'காமெடி கிரேட்ஸ்' சேனலில் பல தொடர்களின் துண்டுக் காட்சிகள் உண்டு. எந்தத் தொடர் உங்களுக்குப் பிடிக்கும் என்று சுவைத்துப் பார்க்க அது போதும்.

எபிசோட் குறைகிறது

முதலில் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடா என்று பாருங்கள். பிரிட்டனில் அவை சீசனோடு சேராதவை. ஸ்ட்ரீமிங்கில் கடைசியில் 'ஸ்பெஷல்ஸ்' என்று தனியாகக் கிடக்கும், சில சமயம் உரிமையே தனியாக இருந்து வராமலும் போகும். 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் அமைச்சர் ஹாக்கர் பிரதமராகும் கதை 1984 டிசம்பரில் வந்த அப்படிப்பட்ட ஒரு சிறப்பு எபிசோடில்தான் இருக்கிறது. அது விடுபட்டால் அடுத்த தொடர் எங்கிருந்து தொடங்குகிறது என்றே புரியாது.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் 1977 முதல் 1979 வரை வந்த மூன்று சீசன்கள் 29 எபிசோட். 1986இல் வேறு தயாரிப்பாளர்கள் எடுத்த நான்காவது சீசன் 13 எபிசோட். பெட்டியில் 29தான் இருக்கிறது என்றால் ஏமாற்றப்படவில்லை, முதல் மூன்று சீசனும் முழுதாகக் கையில் இருக்கிறது.

அப்புறம், அழிந்தவை. 'டேட்ஸ் ஆர்மி' மொத்தம் 80 எபிசோட். எந்தப் பெட்டி வாங்கினாலும் 1969இல் வந்த இரண்டாவது சீசனில் மூன்று இருக்காது. 'தி லோன்லினஸ் ஆஃப் பிரைவேட் வாக்கர்', 'எ ஸ்ட்ரைப் ஃபார் ஃப்ரேசர்', 'அண்டர் ஃபயர்' ஆகிய அந்த மூன்றும் பி.பி.சி.யிடமே இல்லை. இரண்டு அங்குல அகல ஒளிநாடா அன்று மிக விலை உயர்ந்தது. நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கு வரம்பு இருந்தது. வண்ணம் வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு விற்பனை இல்லை. அதனால் நாடாவை அழித்து மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். 1978இல் முறையான காப்பகம் அமைத்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. 'ஹேன்காக்ஸ் ஹாஃப் அவர்', 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடர்களிலும் பல எபிசோட் இப்படிப் போயின. 'டேட்ஸ் ஆர்மி'யின் அதே சீசனில் இன்னும் இரண்டு எபிசோட் 2001இல் திரும்பக் கிடைத்தன. கிடைக்காத மூன்றையும் 2019இல் கோல்ட் சேனல் பழைய வசனத்தை வைத்துப் புது நடிகர்களோடு எடுத்தது. அதே பெயரில் வேறு முகங்கள் வந்தால் அதுதான் இது. வாங்க விட்டுப்போன எபிசோட் என்று இந்த மூன்றைத் தேடிப் பணம் செலவழிக்காதீர்கள்.

வண்ணத் தொடரின் நடுவில் ஒரு எபிசோட் மட்டும் கறுப்பு வெள்ளை

இதற்கும் காரணம் அதே அழிப்புதான், ஆனால் காப்பாற்றியது வெளிநாட்டு விற்பனை. வண்ண ஒளிபரப்பு வராத நாடுகளுக்கு அனுப்ப எபிசோட்களைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பிரதி எடுப்பார்கள். வண்ண நாடா அழிந்தபோது அந்தச் சுருள் மட்டும் தப்பியது. 'டேட்ஸ் ஆர்மி'யில் 1969இல் வந்த 'ரூம் அட் தி பாட்டம்' அப்படி மிஞ்சியது. வண்ண சமிக்ஞை அந்தச் சுருளில் மிக நுண்ணிய புள்ளிகளாகப் பதிந்திருந்ததைப் பொறியாளர்கள் கவனித்து, அந்தப் புள்ளிகளைப் படித்தே மூல நிறங்களை மீட்டார்கள். 2008 டிசம்பரில் அது மறுபடி வண்ணத்தில் ஒளிபரப்பானது. உங்கள் டிவிடி அதற்கு முன்னால் வெளிவந்தது என்றால் அந்த எபிசோட் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும்.

'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் நிலை வேறு. 1970இல் வண்ணத்தில் எடுத்த எபிசோட்களில் பல, அதன் எழுத்தாளர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்ப்சன் இருவருக்காக எடுத்த கறுப்பு வெள்ளை ஒளிநாடாப் பிரதிகளாகத்தான் பிழைத்திருக்கின்றன. படம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். டிவியையும் பிளேயரையும் மாற்றிப் பார்க்க வேண்டாம், டிவிடியைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அந்த எபிசோட்களுக்கு அதைவிட நல்ல பிரதி பி.பி.சி.யிடமும் கிடையாது.